உப்புத் தண்ணீரும் பத்து ஓம்ஸும்

சென்ற மாதம் சிவகரன் தொலைபேசியில் அழைத்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு அலுவலகத்தில் என்னுடைய மேசைக்கு வந்தவன் அவன். ஊழியர் நலச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"அண்ணை, 'தொலைத்தொடர்புத் துறையில் தொழில்நுட்ப நியமங்களின் பங்கு' எண்டு தலைப்பு. ரெண்டு மூண்டு பக்கம் காணும். உங்களை விட்டா ஆர் எழுதுறது?"

"நீதானே இப்ப அந்த வேலையில இருக்கிறாய். நீயே எழுதலாமே."

"நான் எங்க அண்ணை சைட்டுக்குப் போறன்? இப்ப எல்லாம் ஆப்பிலதான். கொன்ட்ராக்டர் மீற்றரைப் போட்டோ எடுத்து அனுப்புவான். நாங்கள் ஒஃபிசில இருந்தபடி அப்ரூவ் பண்ணுறதுதான்."

"அப்ப மண்ண யாரு பாக்கிறது?"

"எந்த மண்ணை?" என்றான் சிவகரன்.

அவன் கெட்டிக்காரன். என்னை விடப் படித்தவன். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். அதனால்தான் எனக்கு அப்படி எரிச்சல் வந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அவன் சொன்ன தலைப்பில் எழுத எனக்கு மனமில்லை. மண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். உயர்தரம் முடித்த கையோடு தொலைத்தொடர்பில் பயிற்சித் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பம் ஏறினோம், குழிக்குள் இறங்கிக் கேபிள் மூட்டினோம், இரண்டிலும் திட்டு வாங்கினோம். பிறகு பல பகுதிகள் மாறி, கடைசிப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஏற்புச் சோதனைப் பகுதியில் இருந்தேன். ஒப்பந்தக்காரர் கட்டி முடித்ததை நாங்கள் போய்ச் சோதித்து, நியமப்படி இருந்தால் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைப்போம். இல்லாவிட்டால் வைக்க மாட்டோம். சொன்னால் இவ்வளவுதான் வேலை.

நியமங்களில் இரண்டு வகை உண்டு என்று நான் நினைக்கிறேன். ஒரு நாட்டில் செய்த கேபிளின் முனை இன்னொரு நாட்டில் செய்த பெட்டிக்குள் சரியாகப் போய் உட்காருகிறதே, அது ஒரு வகை. அளவு தவறினால் முனை உள்ளே போகாது. அங்கே காவல் தேவையில்லை. பொருளே காவல் காக்கும். இரண்டாவது வகையை மீறினால் ஒன்றும் தெரியாது. தொலைபேசி வேலை செய்யும், படம் ஓடும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். அந்த வகையை யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு. நாங்கள் 'ஏர்த்' என்று சொல்லும் நிலத்தொடுப்பு இரண்டாவது வகை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைத்தொடர்புக் கோபுரம்தான் சுற்றாடலில் உயரமானது. ஆகவே மின்னல் முதலில் அதைத்தான் தேடி வரும். வந்த மின்னலைக் கோபுரத்திலிருந்து ஒரு செம்புப் பட்டி வழியாகக் கீழே இறக்கி, மண்ணுக்குள் அடித்த கம்பிகளுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மண் அதைத் தடையில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தடையைத்தான் ஓம்ஸில் அளக்கிறோம். மொட்டை மாடிக் கோபுரங்களுக்கு எங்கள் நியமம் பத்து ஓம்ஸ். அதற்கு மேல் போனால் மின்னல் வேறு வழி தேடும். கட்டடத்தின் மின்கம்பி, தொலைக்காட்சி, சுவிட்சில் கை வைத்திருக்கும் மனிதர், எல்லாம் அதற்கு வழிதான்.

அளக்கும் முறையும் எளிது. ஏர்த் கம்பியில் ஒரு கவ்வியைப் பூட்டி, அதிலிருந்து நேர்கோட்டில் தள்ளித் தள்ளி இரண்டு ஆணிகளை மண்ணில் அடித்து, மூன்றையும் மீற்றரில் இணைக்க வேண்டும். ஆனால் கொழும்பில் வெறும் மண் எங்கே இருக்கிறது? எல்லாம் சீமெந்து. ஆகவே எங்கள் முதல் சண்டை எப்போதும் பக்கத்து வீட்டோடுதான். யாருடைய பூஞ்செடிக்குப் பக்கத்திலாவது ஆணி அடிக்க அனுமதி கேட்டு நிற்பதிலேயே ஒரு காலை போய்விடும்.

ஏமாற்றுவதும் எளிது. கம்பி இறங்கியிருக்கும் ஏர்த் குழிக்குள் உப்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். முப்பது காட்டும் இடம் ஐந்து காட்டும். சில கிழமைகளில் உப்பு கரைந்து போய்விடும். அதற்குள் நாங்கள் கையெழுத்து வைத்துப் போயிருப்போம். ஒப்பந்தக்காரர்கள் இதைக் குற்றமாகவே நினைப்பதில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தலை வாரி விடுவது போல, சோதனைக்கு முதல் நாள் குழிக்கு உப்பு.

இந்த நிலையில்தான் பர்ஹானா மிஸ் எங்கள் பகுதிக்குப் பொறியியலாளராக வந்தார். மாளிகாவத்தை தொடர்மாடியில் வளர்ந்தவர். என்னை விட ஏறக்குறைய பதினைந்து வயது இளையவர். என் மேலதிகாரி. அவரோடு வேலை செய்வது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். வாகனத்தை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றி சப்பாத்து மாட்டுவார். சோதனை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் யாரிடமும் வாங்கிக் குடிக்க மாட்டார். எனக்கும் குடிக்க அனுமதியில்லை. எங்கள் இருவருக்கும் மனப்பாடமான அந்தப் பத்து ஓம்ஸ் நியமப் பந்தியை எடுத்து, ஒப்பந்தக்காரர் முன்னால் ஒவ்வொரு முறையும் வாசிப்பார். மீற்றரை நான் வாசிக்க வேண்டும், பிறகு அவர், பிறகு ஒப்பந்தக்காரரின் ஆள். ஒருவர் மாற்றிச் சொன்னால் ஆணிகளைப் பிடுங்கி முதலிலிருந்து. மதியச் சாப்பாட்டைப் பின்னேரத் தேநீரோடுதான் சாப்பிடுவோம்.

குரல் உயர்த்தியதே இல்லை. 'பெயில்' என்ற சொல்லும் அவர் வாயில் வராது. "பரவால்ல, இன்னொருக்கா பாப்போம்" என்பார். அதைக் கேட்டால் ஒப்பந்தக்காரர்களின் முகம் தொங்கிவிடும். அவருக்கு 'இன்னொருக்கா மிஸ்' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும்.

இனி வெள்ளவத்தைக் கட்டடத்துக்கு வருகிறேன்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமாக மேடேறும் ஓர் ஒழுங்கை. நான் குடியிருப்பதும் அதற்கு மூன்று ஒழுங்கைகள் தள்ளித்தான். மேட்டு நிலம், தோண்டினால் கபுக் என்கிற காய்ந்த செம்பூரான் கல். நல்ல ஏர்த் எடுக்க மிகவும் சிரமமான இடம். ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் புதிதாக ஒரு கோபுரம். உரிமையாளர் குலசிங்கம் ஐயா கீழ்த்தளத்தில் வசித்தார். கோபுரத்தின் அடியிலே, மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் காவலாளி சந்திரனும் மனைவி செல்வியும் இருந்தார்கள். மலையகத்திலிருந்து வந்தவர்கள். கோபுரத்தின் பற்றரிகள் களவு போகாமல் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் கம்பனி கேட்டதால்தான் அந்த அறையே கட்டப்பட்டது. கோபுரம் இருந்தால்தான் அறை, அறை இருந்தால்தான் சந்திரனுக்கு வேலை.

முதல் நாள் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் அனுமதி கேட்டேன்.

"என்ர குரோட்டனுக்கை ஆணி அடிக்கப் போறியளோ?"

"பக்கத்துல ரீச்சர். குரோட்டன்ல இல்ல."

"வேர் பக்கத்திலதானே இருக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?"

ஒருவழியாக ஒரு மூலை கிடைத்தது. மீற்றரை இணைத்தோம். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ருவன், ஓரளவு தமிழ் பேசும் சிங்கள இளைஞன். அவன்தான் முதலில் துள்ளினான்.

"நாலு! மிஸ், நாலு ஓம்ஸ்! இது மாதிரி ஏர்த் கொழும்புலயே இல்ல!"

மிஸ் சிரிக்கவில்லை. குழியைப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"மழ பேஞ்சதா ருவன்?"

"ஆ... நேத்து கொஞ்சம்."

"ருவன், நான் மூணு ஒழுங்க தள்ளித்தான் இருக்கிறன்," என்றேன். "ரெண்டு கிழமையா எங்கட உடுப்பெல்லாம் மொட்ட மாடியிலதான் காயுது. எந்த மழ?"

மிஸ் குனிந்து குழியின் விளிம்பைத் தடவி, விரலை நாக்கு நுனியில் வைத்தார். நான் பதறிப்போனேன். அவர் கைக்குட்டையில் துப்பிவிட்டு, "உப்பு" என்றார்.

"கடல் காத்து மிஸ்! வெள்ளவத்த தானே!"

"கடல் காத்து குழிக்குள்ள மட்டுமா அடிக்கிது?"

ருவன் நெஞ்சில் கை வைத்தான். "அம்மப்பா மிஸ், நான் இல்ல!" என்று சத்தியம் செய்தான். பிறகு என் பக்கம் திரும்பி, சிங்களத்தில் அண்ணன் என்று விளித்து, "அய்யே, நீங்களாவது சொல்லுங்க. போன சைட்ல போட்டேன், ஒத்துக்கிறேன். அதுக்கு முந்தின சைட்லயும் போட்டேன். இங்க போடல்ல!" என்றான்.

இப்படி ஒரு சாட்சியத்தை வைத்துக்கொண்டு யார் நம்புவது? மிஸ் குழியை நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னார். "பரவால்ல, இன்னொருக்கா பாப்போம்."

இரண்டாம் முறை போனபோது மீற்றர் ஐந்து காட்டியது. குழியைச் சுற்றி மூன்று பூனைகள் உட்கார்ந்திருந்தன. விரட்டினாலும் திரும்பி வந்தன. குழியிலிருந்து ஒரு வாடை. ருவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வேலை முடியாததால் அவனுடைய ஆட்கள் அடுத்த இடத்துக்குப் போக முடியாமல் நின்றார்கள். "எக்ஸ்ட்ரா கம்பி அடிக்கச் சொன்னா அடிக்கிறேன் மிஸ், இந்த உப்பு யாரு போடுறான்னு மட்டும் கண்டுபிடிச்சு குடுங்க" என்று கெஞ்சினான்.

அடுத்த நாள் காலை அலுவலகம் போகும் வழியில் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்து பார்த்தேன். சந்திரன் ஒரு பிளாஸ்டிக் பேசினோடு குழியின் அருகே நின்றார். பூனைகளும் நின்றன.

"என்ன சந்திரன் இது?"

"கருவாடு கழுவின தண்ணி சார். சும்மா... கீழ ஊத்தலாம்னு."

"அஞ்சு மாடி இறங்கி வந்தா?"

அவர் பேசினைக் கீழே வைத்தார். "மொதல்ல கடை உப்புதான் கரைச்சு ஊத்தினேன் சார். அப்புறம் செல்விதான் சொன்னா, உப்ப ஏன் வீணாக்குற, இதுலயே உப்பு இருக்குல்லன்னு."

"யாரு உங்களுக்கு இந்த வேலய சொல்லித் தந்தது?"

"கம்பி அடிக்க வந்த ஆளுங்க பேசிக்கிட்டாங்க. மீட்டர் ஏறினா டவர கழட்டிருவாங்கன்னு. டவரு போனா மொதலாளி எங்கள எதுக்கு சார் வெச்சிருக்கப் போறாரு?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சந்திரன், அந்த டவருக்கு அடியில படுக்கிறது யாரு?"

"நாங்கதான்."

"மின்னல் விழுந்தா அது இந்தக் குழியால மண்ணுக்குப் போகணும். மீற்றர் உண்மையாவே பத்துக்குள்ள இருந்தாத்தான் போகும். போக வழி இல்லாட்டி உங்கட அறைக்குள்ளதான் முதல்ல வரும். பல்ப் வயரால வரும், டிவியால வரும். நீங்க உப்பு ஊத்தி ஏமாத்துறது எங்கள இல்ல."

அவர் கவனமாகக் கேட்டார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சொன்னார்:

"மின்னல் எப்பவாச்சும் ஒரு நாளைக்குத்தான் சார் வரும். மொதலாளி தெனமும் படியேறி வர்றாரு."



உப்பு கழுவப்பட்டு மண் காய்ந்த பிறகு வந்த உண்மையான அளவு முப்பத்து நான்கு. இதைக் குறைக்க வழி இருந்தது. இன்னும் மூன்று கம்பிகளை ஆழமாக அடித்து, எல்லாவற்றையும் செம்புப் பட்டியால் இணைக்க வேண்டும். ஆனால் கட்டடத்தைச் சுற்றி இடம் இல்லை. முன்னால் கார் நிறுத்தும் முற்றம்தான் ஒரே இடம். அங்கே குலசிங்கம் ஐயா அப்போதுதான் புதிய ரைல்ஸ் பதித்து முடித்திருந்தார்.

"தம்பி, இது சும்மா ரைல்ஸ் இல்லை. வெளியில இருந்து எடுப்பிச்சது. இதை உடைக்கிறதெண்டா என்ர நெஞ்சை உடைக்கிற மாதிரி."

"மூணு இடத்துல மட்டுந்தான் ஐயா."

"மூண்டு இடத்தில உடைச்சா அதே நிறத்தில திரும்ப வாங்க ஏலுமோ? டவர்தான் நல்லா வேலை செய்யுதே. என்ர போனில நாலு கோடும் வருது, பாருங்கோ."

"ஏர்த்துக்கும் அந்த நாலு கோட்டுக்கும் சம்பந்தம் இல்ல ஐயா. மேல ரெண்டு பேரு இருக்கிறாங்க."

"கடவுள் காப்பாத்துவார் தம்பி."

மிஸ் இடையில் வந்தார். "நீங்க ஒடைக்க வேணாம் ஐயா. நாங்க கையெழுத்து வெக்க மாட்டோம். அவ்ளோதான்."

எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் கையெழுத்து. அதற்கும் கம்பனியில் மாற்று வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஏற்கப்படாத கோபுரத்தைச் 'சேவையில்' விடக்கூடாது என்பது விதி. ஆகவே அதைச் 'சேவை' என்று சொல்லாமல் 'பரீட்சார்த்தம்' என்று சொல்லி இயக்கினார்கள். வெள்ளவத்தை முழுவதும் அந்தப் பரீட்சார்த்தத்தில்தான் பேசிக்கொண்டிருந்தது. கம்பனிக்கு அவசரமில்லை, உரிமையாளருக்கு வாடகை வந்தது. அவசரம் எங்களுக்கும் ருவனுக்கும்தான். மார்ச் முடியப் போகிறது. கொழும்பில் ஏப்ரல் பின்னேரங்கள் எப்படி இடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் மிஸ் என்னைக் கூப்பிட்டுத் தான் எழுதியிருந்த அறிக்கையைக் காட்டினார். ஏர்த் சரிசெய்யப்படும்வரை மொட்டை மாடி அறையில் எவரும் தங்கக்கூடாது என்று ஒரு பந்தி இருந்தது.

"மிஸ், இத அனுப்பினா குலசிங்கம் ரைல்ஸ உடைக்க மாட்டார். சந்திரன வெளியில அனுப்பிட்டு, அறையைப் பூட்டிட்டு, ஆள் இல்லன்னு சொல்லுவார்."

"தெரியும்."

"அந்த மனுஷன் எதுக்குப் பயந்து உப்பு ஊத்தினாரோ அதையே நாங்க செய்றம்."

"எழுதாட்டி என்ன செய்ற தாஸ்? சொல்லுங்களேன். அந்த ரெண்டு பேரும் அங்க படுத்து ஈக்காங்க. எனக்கு இது தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சிட்டு நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம்."

ஒரு கிழமை பொறுப்பதென்று முடிவெடுத்தோம். அந்த ஒரு கிழமையில் கம்பனியின் மேலிடத்தோடு பேசிப் பார்ப்பதாக அவர் சொன்னார். பேசினார். அவர்கள் அதைக் 'கவனத்தில்' எடுத்தார்கள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே இடித்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் வீட்டில் இருந்தேன். சத்தத்தோடு எங்கள் வீட்டு விளக்கும் ஒருமுறை துடித்தது. எங்கே விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சந்திரன். முழுக்க நனைந்திருந்தார்.

"செல்வி?" என்றேன்.

"இருக்கா சார். துணி மடிச்சிக்கிட்டு இருந்தா. சுவிட்சு செவுத்துல இருந்து பிச்சிக்கிட்டுப் பறந்திருச்சு. டிவி வெடிச்சிருச்சு. அவளுக்கு வலது கை மரத்துப் போச்சு, வெரல மடக்க முடியல. பக்கத்து வீட்டு ரீச்சரம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"அப்ப நீங்க இங்க ஏன் வந்தீங்க? அங்க போங்க!"

"போறேன் சார். ஒண்ணே ஒண்ணு. மொதலாளி கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருக்காரு. திங்கக்கெழமதான் வருவாரு. கேட்டு சாவி என்கிட்ட இருக்கு. எந்த எடத்துல ஒடைக்கணும்?"

அதைச் சொல்வது என் வேலை அல்ல. அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு ருவனின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, அவனுக்கு இடம் தெரியும் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் ருவன் ஆட்களோடும் உடைக்கும் இயந்திரத்தோடும் வந்துவிட்டான். சந்திரன் கேட்டைத் திறந்துவிட்டார். ஞாயிறு மாலைக்குள் மூன்று கம்பிகளும் இறங்கிப் பட்டியும் இணைந்தது. மேலே சீமெந்து பூசினார்கள். பளபளக்கும் ரைல்ஸின் நடுவில் அந்தச் சாம்பல் நிறத் திட்டுகள் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தன. திங்கட்கிழமை குலசிங்கம் ஐயா போட்ட சத்தம் காலி வீதிவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

மண் நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் போய் அளந்தோம். ஏழு. மூவரும் ஏழு என்றே வாசித்தோம். ருவன் மட்டும் அதைப் பாட்டுப் போல இரண்டு முறை வாசித்தான். மிஸ் அறிக்கையிலிருந்து அறையைப் பற்றிய பந்தியை எடுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அறை இப்போது பாதுகாப்பானது. அதில் ஆள் தங்கலாம்.

அதே கிழமையில் குலசிங்கம் ஐயா சந்திரனை வேலையிலிருந்து நிறுத்தி, அந்த அறையில் வேறு ஒருவரை வைத்தார்.

நான் இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் பேனாவை மேசையில் எறிந்தார். "எங்கட கையெழுத்து அந்த ரூமுக்குத்தான் தாஸ். அதுல யாரு ஈக்கணும்னு எந்த நியமத்திலயும் இல்ல." பிறகு தன் நாநாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய மூத்த சகோதரருக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றங்கள் நடத்துவோரைத் தெரியும். இரண்டு கிழமைக்குள் சந்திரனுக்கு அங்கே ஒரு காவலாளி வேலை கிடைத்தது. செல்வியின் கைவிரல்களும் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கின.

சிவகரன் கேட்ட கட்டுரைக்கு இது போதும். ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை அவரைக் கேட்காமல் எழுதக்கூடாதே என்று சந்திரனை அழைத்தேன். "எழுதுங்க சார், பேர மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். மற்றவர்களுடைய பெயர்களையும் மாற்றிவிட்டேன். பிறகு அவர் சொன்னார்:

"சார், நானே ஒங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். இங்க யார்டுல ஒசரமா ஒரு லைட்டுக் கம்பம் இருக்கு. அதுக்குப் பக்கத்துலதான் எங்க குடில். எங்களுக்குக் கரண்டு அந்தக் கம்பத்துல இருந்துதான் வருது. கம்பத்துல செம்புப் பட்டி ஆளு ஒசரம் வரைக்கும்தான் வருது. அதுக்குக் கீழ இல்ல. எவனோ வெட்டி வித்துட்டான். மேனேஜருகிட்ட சொன்னேன். பாக்கலாம்னாரு."

உடனே சிவகரனை அழைத்தேன்.

"லைற் கம்பமோ? அது எங்கட ஸ்கோப் இல்லை அண்ணை. ரெலிகொம் கோபுரம் எண்டாத்தான் எங்கட நியமம்."

"மின்னலுக்குத் தெரியுமா அது லைட் கம்பம்னு?"

"நான் என்ன செய்யிறது அண்ணை? ஆப்பில அதுக்கு இடமே இல்லை."

பிறகு பர்ஹானா மிஸ்ஸை அழைத்தேன். இப்போது அவர் பெரிய பதவியில் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாநா மூலம் முற்றத்தின் அனுமதியை எடுப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வரும்படியும் சொன்னார். சொந்த வேலைக்கு அலுவலக மீற்றரைத் தொடமாட்டார். ஆகவே நான் ருவனைத் தேடிப் பிடித்து அவனுடைய மீற்றரையும், இரண்டு கம்பிகளையும், ஒரு துண்டுப் பட்டியையும் இரவல் வாங்கினேன். ஓய்வூதியம் பெறும் ஒருவன் முச்சக்கர வண்டியில் செம்புக் கம்பிகளோடு ஒருகொடவத்தைக்குப் போனால் பொலிஸ் என்ன நினைக்கும் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

அங்கே நிழல் என்று ஒன்றும் இல்லை. சுற்றிலும் அடுக்கிய கொள்கலன்கள், நடுவில் சரளைக் கல். குடிலின் வாசலில் செல்வி ஒரு மட்டையால் விசிறிக்கொண்டு இருந்தார்.

"ஒரு மாசமா இப்பிடித்தான் சார். பட்டி அறுந்து கெடக்கிறதப் பாத்த அன்னிக்கே இவரு கரண்ட அமத்திட்டாரு. பேனு இல்ல, லைட்டு இல்ல. நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன்."

சரளையை விலக்கி முதல் கம்பியை அடித்தோம். சந்திரனும் நானும் மாறி மாறிச் சம்மட்டி பிடித்தோம். என் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. பட்டியைப் பொருத்தி மீற்றரை இணைத்தபோது பன்னிரண்டு காட்டியது.

"மிஸ்," என்றேன், "இது டவர் இல்ல. எங்கட நியமம் இதுக்குப் பொருந்தாது. இந்த வெயிலுக்குப் பன்னிரண்டு போதும்."

மிஸ் வாயைத் திறக்குமுன் சந்திரன் பேசினார்.

"பத்துன்னுதானே சார் அன்னிக்கு சொன்னீங்க?"

"அது டவருக்கு."

"அவ படுக்கிற செவுத்துலதான் சார் வயரு வருது."

என் கையிலிருந்த சம்மட்டியை அவர் வாங்கிக்கொண்டார். இரண்டாவது கம்பியை எடுத்துக்கொண்டு கம்பத்தின் மறுபக்கம் போனார். அந்தப் பக்கம் மண் இன்னும் இறுக்கம். அது இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. என்னை அவர் அடிக்க விடவில்லை. மீண்டும் இணைத்தோம்.

ஒன்பது.

சந்திரன் குனிந்து மீற்றரைத் தானே ஒருமுறை பார்த்தார். பிறகுதான் குடிலுக்குள் போய் மெயின் சுவிட்சைப் போட்டார். உள்ளே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. செல்வி விசிறி மட்டையை வாசலில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.